டிபி வந்த வீட்டுல சாப்பாடும் வைத்தியத்துல சேர்ந்ததுதான்

வாசகி கேள்வி: டாக்டர், என் வீட்டுக்காரருக்கு 38 வயசு, தறி ஓட்டுறார். மூணு வாரத்துக்கு முன்னாடி சளி டெஸ்ட்ல டிபின்னு சொல்லி கவர்மென்ட் ஆஸ்பத்திரில மாத்திரை ஆரம்பிச்சிருக்காங்க. உயரம் அஞ்சடி நாலு அங்குலம், இப்ப எடை 41 கிலோ. வீட்டுல மாமியார், பத்து வயசு பையன், நாலு வயசு பொண்ணு, நான். ஜார்கண்ட்ல ஆராய்ச்சி பண்ணி நல்லா சாப்பிட்டாலே டிபி பாதியா குறையும்னு கண்டுபிடிச்சிருக்காங்கன்னு வாட்ஸ்அப்ல மெசேஜ் வந்துச்சு, கீழயே ஒரு புரோட்டீன் பவுடர் விளம்பரமும் இருந்துச்சு. டப்பா ரெண்டாயிரத்துக்கு மேல. கடன் வாங்கியாவது வாங்கலாமான்னு யோசிக்கிறேன். மாமியாரோ மாத்திரை சூடு, முட்டை கருவாடு எதுவும் ஆகாதுன்னு கஞ்சியும் ரசமும்தான் குடுக்கிறாங்க, தட்டு டம்ளர் எல்லாம் தனியா வச்சிட்டாங்க. அந்த ஆராய்ச்சி நிஜமா? குழந்தைங்களுக்கு வராம இருக்க நான் என்ன பண்ணணும்?

பதில்:

சகோதரி, ஆராய்ச்சி நிஜம்தான், ஆனா உங்களுக்கு வந்த மெசேஜ் அதுல பாதியைத்தான் சொல்லுது. பவுடருக்காக கடன் வாங்காதீங்க, அந்த ஆராய்ச்சில யாருக்கும் விலை அதிகமான பவுடர் எதுவும் குடுக்கல. கஞ்சி ரசம் பத்தியத்தை மட்டும் இன்னைக்கே நிறுத்திடுங்க, மத்ததெல்லாம் விளக்கமா சொல்றேன்.

முதல்ல ஒரு அவசரமான விஷயம். நீங்க எழுதின உயரத்துக்கும் எடைக்கும் கணக்கு போட்டா அவரோட பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு ஏத்த எடை இருக்கான்னு பார்க்கிற அளவு, 15.5 வருது. 18.5க்கு மேல இருக்கணும், 16க்கு கீழ போனாலே அது கடுமையான மெலிவுன்னுதான் நாங்க எடுத்துக்குவோம். தமிழ்நாட்டுல 2022 ஏப்ரல்ல இருந்து காசநோய் இறப்பில்லா திட்டம்னு ஒண்ணு நடக்குது, டிபின்னு தெரிஞ்ச உடனே எடை, கால் வீக்கம், மூச்சு எண்ணிக்கை, விரல்ல மாட்டி பார்க்கிற ஆக்சிஜன் அளவு, பிடிக்காம தனியா எழுந்து நிக்க முடியுதா, இதையெல்லாம் பார்த்து ஆபத்துல இருக்கிறவங்களைப் பிரிச்சு அட்மிட் பண்றதுதான் அந்த திட்டம். ஏன்னா டிபில சாகிறவங்கள்ல பாதிக்கு மேல மாத்திரை ஆரம்பிச்ச முதல் ரெண்டு மாசத்துக்குள்ளயே போயிடுறாங்க. பிஎம்ஐ 14 இல்லன்னா அதுக்கும் கீழ இருந்தா அதுவே போதும் அட்மிஷனுக்கு. 16க்குள்ள இருந்து ரெண்டு காலும் வீங்கியிருந்தாலும் அப்படித்தான். அதனால இன்னைக்கு ராத்திரி அவர் கணுக்கால்ல விரலை வச்சு அழுத்திப் பாருங்க, குழி விழுந்து அப்படியே நின்னுச்சுன்னா, இல்ல உக்காந்திருக்கும்போதே மூச்சு வாங்குச்சுன்னா, காலைல முதல் வேலையா ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க, அடுத்த மாத்திரை வாங்குற தேதி வரட்டும்னு காத்திருக்காதீங்க. அவ்வளவு மெலிஞ்ச உடம்புக்கு திடீர்னு வயிறு முட்ட குடுக்கிறதும் ஆபத்து, அதை ஆஸ்பத்திரில வச்சு கொஞ்சம் கொஞ்சமாத்தான் ஏத்தணும்.

அது எதுவும் இல்லைன்னா மேல படிங்க.

நீங்க சொல்ற ஆராய்ச்சிக்குப் பேரு ரேஷன்ஸ். மங்களூர்ல ஏனபோயா மெடிக்கல் காலேஜ் டாக்டர்கள் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா தலைமையில, நம்ம சென்னை சேத்துப்பட்டுல இருக்கிற தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து, ஜார்கண்ட்ல நாலு மாவட்டத்துல பண்ணினது. 2023 ஆகஸ்ட்ல லான்செட் பத்திரிகைல வந்துச்சு. சளில கிருமி உறுதியான 2,800 நோயாளிங்க, அவங்களோட ஒரே வீட்டுல இருக்கிற 10,345 பேர். மூணுல ரெண்டு பங்கு பேர் சந்தால், ஹோ, முண்டா, ஒராவோன் மாதிரி பழங்குடி மக்கள், கூட இருக்கிறவங்கள்லயே மூணுல ஒருத்தர் ஆரம்பத்துலயே மெலிஞ்சு போனவங்க. நோயாளி எல்லாருக்கும் மாசாமாசம் 10 கிலோ மூட்டை, அரிசி பருப்பு பால் பவுடர் எண்ணெய், கூடவே சத்து மாத்திரை. அவங்க வழக்கமா சாப்பிடுறதுக்கு மேல ஒரு நாளைக்கு 1,200 கலோரியும் 52 கிராம் புரதமும் கூடுதலா கிடைக்கிற மாதிரி கணக்கு போட்டு குடுத்தாங்க.

பரீட்சை வச்சது கூட இருக்கிற குடும்பத்துக்கு. அந்த மாவட்டங்கள்ல இருந்த 28 டிபி யூனிட்டையும் (அரசு டிபி திட்டத்தோட வட்டாரப் பிரிவு) குலுக்கல் மாதிரி ரெண்டா பிரிச்சாங்க. ஒரு பக்கத்துல நோயாளிக்கு மட்டும் மூட்டை. இன்னொரு பக்கத்துல நோயாளியோட சேர்த்து வீட்டுல இருக்கிற பெரியவங்க ஒவ்வொருத்தருக்கும் மாசம் 5 கிலோ அரிசி, ஒன்றரை கிலோ பருப்பு, சத்து மாத்திரை, சின்னப் பிள்ளைங்களுக்கு சாப்பாட்டுச் சாமான் அதுல பாதி. வேற ஒண்ணும் இல்ல. கொரோனா காலத்துலயும் விடாம, 2022 ஜூலை வரைக்கும் அந்த வீடுகளைப் பார்த்துக்கிட்டே இருந்தாங்க. சாப்பாடு கிடைக்காத பக்கம் 4,712 பேர்ல 122 பேருக்கு டிபி வந்துச்சு, கிடைச்ச பக்கம் 5,602 பேர்ல 96 பேருக்கு. ஆயிரம் பேருக்கு 26ன்னு இருந்தது 17 ஆச்சு. எத்தனை நாள் பார்த்தாங்க, மத்த வித்தியாசம் எல்லாம் சரி பண்ணினா டிபி மொத்தமா 39 சதவீதம் குறைவு, சளில கிருமி உறுதியான நுரையீரல் டிபி மட்டும் எடுத்தா 48 சதவீதம் குறைவு. உங்க மெசேஜ்ல பாதியா குறையும்னு வந்தது இந்த 48தான்.

இதைச் சரியா புரிஞ்சுக்கணும். சாப்பிட்டா டிபி குணமாகும்னு அந்த ஸ்டடி சொல்லவே இல்ல, கூட இருக்கிறவங்களுக்கு வர்றது குறையும்னுதான் சொல்லுது. நோயாளிங்க எல்லாருக்குமே மூட்டையோட சேர்த்து டிபி மாத்திரை வைத்தியமும் நடந்துச்சு. அதனால உங்க வீட்டுக்காரர் ரெண்டு மாசத்துல இருமல் நின்னு, உடம்பு தேறி, இனி சாப்பாடே போதும்னு யார் சொன்னாலும் விடாதீங்க. அங்கதான் டிபி திரும்பி வருது, அதுவும் மாத்திரைக்கு அடங்காத டிபியா வருது. வழக்கமான டிபிக்கு ஆறு மாசம் முழுசா போட்டே ஆகணும்.

நோயாளிங்களைப் பத்தி அதே குழு தனியா ஒரு கட்டுரை போட்டாங்க, லான்செட் குளோபல் ஹெல்த்ல. 100 பேர்ல 80க்கு மேல மெலிஞ்சவங்க, கிட்டத்தட்ட பாதிப் பேர் உங்க வீட்டுக்காரர் மாதிரி பிஎம்ஐ 16க்கும் கீழ. முதல் ரெண்டு மாசத்துல எடை 5 சதவீதம் ஏறினவங்களுக்கு சாவு அபாயம் 61 சதவீதம் குறைவா இருந்துச்சு. இந்த நம்பரை மட்டும் கொஞ்சம் கவனமா எடுத்துக்கணும், ஏன்னா இங்க எல்லாருக்கும் மூட்டை கிடைச்சது, மூட்டை கிடைக்காத நோயாளின்னு ஒப்பிட யாரும் இல்ல (பட்டினி கிடக்கிற டிபி நோயாளிக்கு சாப்பாடு குடுக்காம ஒதுக்கி வச்சு வேடிக்கை பார்க்க முடியாது, அது நியாயமே இல்ல). நோய் முத்தினவங்களுக்கு எடை ஏறாது, அவங்கதான் சாகவும் செய்வாங்க, அதுவும் இந்தக் கணக்குல கலந்திருக்கும். ஆனாலும் டாக்டர்களுக்கும் வீட்டுக்காரங்களுக்கும் இதுல ஒரு பெரிய உபயோகம் இருக்கு: ரெண்டு மாசத்துல எடை ஏறலைன்னா அதை அபாய மணியா எடுத்துக்கணும். உங்க வீட்டுக்காரருக்கு 41ல 5 சதவீதம்னா ரெண்டு கிலோ. ரெண்டாவது மாச முடிவுல 43 கிலோ காட்டணும், அதை மட்டும் மனசுல வச்சுக்கோங்க. மூணு வாரம் ஏற்கனவே போயிடுச்சு, அதனால வாரம் ஒரு தடவை ஒரே தராசுல, ஒரே நேரத்துல, செருப்பு இல்லாம எடை பார்த்து காலண்டர்ல எழுதுங்க.

இவ்வளவு நாள் டாக்டருங்க ஏன் சாப்பாட்டைப் பத்தி அழுத்திச் சொல்லலைன்னு உங்களுக்குத் தோணும். அதுக்கும் காரணம் ஒரு பெரிய ஆராய்ச்சிதான், அதுவும் சென்னைல நடந்தது. 1956ல இதே சேத்துப்பட்டுல ஆரம்பிச்ச மையத்துல, நோயாளிங்களை ரெண்டா பிரிச்சு, ஒரு பாதியை சானடோரியத்துல (டிபி நோயாளிங்களை மாசக்கணக்கா தங்க வைக்கிற ஆஸ்பத்திரி) வச்சு நல்ல சாப்பாடு, ஓய்வு, மருந்து, மறு பாதியை அவங்கவங்க வீட்டுலயே வச்சு மருந்து மட்டும். வீட்டுல இருந்தவங்க சாப்பாடு மோசம், இடம் நெருக்கடி, வேலைக்கும் போனாங்க, ஆனா ஒரு வருஷம் கழிச்சுப் பார்த்தா ரெண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி குணமாகியிருந்தாங்க. 1959ல ரிசல்ட் வந்துச்சு, உலகம் பூரா சானடோரியத்தை மூட ஆரம்பிச்சாங்க, ஏழைங்க குடும்பத்தை விட்டுப் போகாம வீட்டுலயே வைத்தியம் பார்க்கலாம்னு ஆச்சு, அது எவ்வளவு பெரிய விடுதலை. அந்த ஆராய்ச்சி மேல எனக்கு அவ்வளவு மரியாதை உண்டு. ஆனா அதைப் படிச்ச டாக்டருங்க கூடவே இன்னொண்ணையும் எடுத்துக்கிட்டாங்க, மருந்து இருந்தா சாப்பாடு எப்படி இருந்தாலும் பரவாயில்லைன்னு. சென்னை ஸ்டடி கேட்ட கேள்வி, மருந்து சாப்பிடுறவருக்கு கிருமி போகுதா இல்லையா. வீட்டுல ஒரு வாய் சோறு குறைச்சு சாப்பிடுற மத்தவங்களுக்கு அடுத்த ரெண்டு வருஷத்துல சோறு என்ன பண்ணும்கிறது வேற கேள்வி, அதைக் கேட்டு பதில் கிடைக்க அறுபது வருஷத்துக்கு மேல ஆயிருக்கு. இது எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம்.

சாப்பாடு எப்படி தடுக்குதுன்னா, டிபி கிருமி மூச்சுல உள்ள போன எல்லாருக்கும் நோய் வர்றதில்ல. நம்ம எதிர்ப்பு செல்லுங்க அதைச் சுத்தி வேலி போட்ட மாதிரி அடைச்சு வச்சிடும், வருஷக்கணக்கா உள்ளயே தூங்கும். உடம்பு மெலிஞ்சா அந்த செல்லுங்களோட பலம்தான் முதல்ல குறையுது, கிருமி முழிச்சுக்குது. நிறைய நாட்டு டேட்டாவை சேர்த்துப் பார்த்ததுல பிஎம்ஐ ஒரு புள்ளி ஏறினா டிபி வர்றது ஏறக்குறைய 14 சதவீதம் குறையுதுன்னு தெரிஞ்சிருக்கு. இங்கிலாந்துல பேப்வொர்த்னு ஒரு கிராமம், முதல் உலகப்போர் முடியுற நேரத்துல டிபி நோயாளிங்க குடும்பத்தோட தங்கி வேலை செஞ்சு சம்பளம் வாங்குற மாதிரி உண்டாக்கினாங்க. அப்ப டிபிக்கு மருந்தே கிடையாது. அங்க பிறந்து வளர்ந்த பிள்ளைங்களுக்கு கிருமி தொத்துச்சு, நோய் மட்டும் வரல, நல்ல சாப்பாடும் நல்ல வீடும் இருந்ததால.

சரி, உங்க அடுப்படிக்கு வரேன். ஆராய்ச்சில குடுத்த 1,200 கலோரி, 52 கிராம் புரதம், இதை நம்ம வீட்டுச் சாமான்ல போட்டுப் பார்த்தேன். அவர் இப்ப சாப்பிடுற சோறு இட்லி அப்படியே இருக்கட்டும், அதுக்கு மேல ஒரு நாளைக்கு முட்டை ரெண்டு (12 கிராம் புரதம்), வறுத்த நிலக்கடலை நல்லா ஒரு கைப்பிடி, அதாவது 50 கிராம் (12 கிராம்), துவரம் பருப்போ பாசிப்பருப்போ 100 கிராம், வேகறதுக்கு முன்னாடி எடை (20 கிராமுக்கு மேல), பால் ஒன்றரை டம்ளர், ஒரு 300 மில்லி (10 கிராம்), தாளிப்புக்கும் சோத்துலயும் நாலு டீஸ்பூன் எண்ணெய். கூட்டிப் பாருங்க, ஆராய்ச்சி மூட்டைல இருந்தது ஏறக்குறைய வந்துடுது. பவுடர் டப்பா விலைல இதை ஒரு மாசம் ஓட்டலாம். பருப்பு 1 கிலோ, பாமாயில் ரேஷன்லயே குறைஞ்ச விலைக்கு வருது, அதை யாருக்கும் வித்துடாதீங்க. பருப்பை தண்ணியா சாம்பார்ல கரைச்சா உள்ள போகாது, கெட்டியா பருப்புக் கடைசலா, பாசிப்பருப்பு பாயாசமா, அடையா பண்ணுங்க, கடலையை இடிச்சு வெல்லத்தோட உருண்டை பிடிச்சு தறிக்குப் போகும்போது பாக்கெட்ல போட்டு விடுங்க (வேலைக்கு எப்ப திரும்பலாம்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க). ஒரே தடவையா சாப்பிட முடியாது, டிபி இருக்கிறவருக்கு பசியே இருக்காது, அதனால ஆறு தடவையா பிரிச்சு குடுங்க. சுகர் டெஸ்ட் எடுத்தாச்சான்னு கேளுங்க. டிபி வந்த எல்லாருக்கும் எடுக்கணும். சுகர் இருந்தா வெல்லம் பாயாசம் வேண்டாம், முட்டை பருப்பு கடலை அப்படியே இருக்கட்டும்.

மாத்திரை காலைல வெறும் வயித்துல போட்டு ஒரு மணி நேரம் கழிச்சு சாப்பிடுறதுதான் நல்லது. வாந்தி வர மாதிரி இருந்தா ரெண்டு இட்லியோட போடலாமான்னு டிபி சென்டர்ல கேட்டுக்கோங்க, போடாம விடுறதை விட அது எவ்வளவோ மேல். சிறுநீர் ஆரஞ்சு கலர்ல போகும், அது மாத்திரையோட கலர், அதைப் பார்த்துத்தான் நிறைய பேர் சூடு ஏறிடுச்சுன்னு பயந்து சாப்பாட்டைக் குறைக்கிறாங்க, உங்க மாமியாரும் அதைத்தான் பார்த்திருப்பாங்கன்னு நினைக்கிறேன். கண்ணு மஞ்சளானா, வாந்தி நிக்காம போச்சுன்னா மட்டும் உடனே ஓடுங்க, அது ஈரல். சாராயம் இருந்தா இந்த ஆறு மாசம் அதுக்கு இடமே இல்ல. கருவாடு விஷயத்துல மட்டும் மாமியார் சொல்றதுல கொஞ்சம் நியாயம் இருக்கு, டிபி மாத்திரைல ஒண்ணான ஐசோநியாசிட் போடுறவங்க சிலருக்கு கருவாடு, பழசான சூரை, அயிலை சாப்பிட்டா முகம் சிவந்து தலைவலி படபடப்பு வரும். புது மீனா, குழம்பு வச்ச அன்னைக்கே குடுங்க. முட்டைக்கு எந்தத் தடையும் இல்ல. மாமியார் மகனைக் கெடுக்கணும்னு பண்ணல, பயத்துல பண்றாங்க, அதனால சண்டை போடாம அடுத்த தடவை அவங்களையும் கூட்டிட்டுப் போயி டிபி சென்டர்ல இருக்கிற ஹெல்த் விசிட்டர் வாயாலயே சொல்ல வைங்க.

தட்டு டம்ளரைப் பிரிக்க வேண்டாம். டிபி காத்துல பரவுறது, எச்சில் தட்டுல பரவுறதில்ல. ஜன்னலைத் திறந்து வைங்க, இருமும்போது துணியோ மாஸ்க்கோ, முதல் சில வாரம் குழந்தைங்களோட ஒரே பாய்ல படுக்காம இருக்கட்டும், அவ்வளவுதான். தனித்தட்டுல ஒதுக்கி வச்ச மனுஷன் இன்னும் குறைச்சுத்தான் சாப்பிடுவார், கூட உக்காந்து சாப்பிடுங்க.

குழந்தைங்களுக்கு சாப்பாடு மட்டும் போதாது. நாலு பேரும் ஒரே நாள்ல போயி செக் பண்ணிக்கோங்க, இருமல் காய்ச்சல் எடை குறையுறது இருக்கான்னு கேட்டு எக்ஸ்ரே எடுப்பாங்க. நோய் இல்லைன்னு உறுதியானதும் நாலு வயசுப் பொண்ணுக்கு தடுப்பு மருந்து கண்டிப்பா ஆரம்பிக்கணும், இதைத் தள்ளிப் போடாதீங்க, அந்த வயசுல கிருமி மூளைக்குப் போற ஆபத்து உண்டு. பிறந்தப்போ பிசிஜி போட்டிருந்தாலும் மருந்து வேணும். பையனுக்கும் உங்களுக்கும் மாமியாருக்கும் கூட இப்ப தடுப்பு மருந்து குடுக்கிறாங்க, ஆறு மாசம் தினம் ஒரு மாத்திரை இல்லன்னா மூணு மாசம் வாரம் ஒரு தடவைன்னு, உங்களுக்கு எதுன்னு டாக்டர் சொல்வார். இலவசம்தான். ரேஷன்ஸ் ஆராய்ச்சி நடந்தப்போ இந்த மருந்து சின்னக் குழந்தைங்களுக்கு மட்டும்தான் திட்டத்துல இருந்துச்சு, உங்களுக்கு ரெண்டும் கிடைக்குது, ரெண்டையும் எடுத்துக்கோங்க. பொண்ணை அங்கன்வாடிக்கு அனுப்புங்க, சத்து மாவும் முட்டையும் அங்க உண்டு. பையன் ஸ்கூல் சத்துணவுல முட்டையை விடாம சாப்பிடுறானான்னு கேளுங்க.

நீங்க ஒரு வரி எழுதலை, நானே கேட்கிறேன்: உங்க எடை எவ்வளவு? அவருக்கு முட்டை, பிள்ளைங்களுக்குப் பால், மாமியாருக்கு மிச்சம், கடைசில பானைல ஒட்டினதை வழிச்சு சாப்பிடுறது நீங்கன்னா, அந்த வீட்டுல ராத்திரி பகலா அவர் பக்கத்துல இருந்து அதே காத்தை சுவாசிக்கிறதும் நீங்கதான். ஜார்கண்ட்ல ஆளுக்கு ஆள் தனியா அளந்து குடுத்தாங்க, உங்களுக்கும் மாசம் அஞ்சு கிலோ அரிசியும் ஒன்றரை கிலோ பருப்பும்னு ஒரு பங்கு உண்டு அந்தக் கணக்குல. அவர் தட்டுல பருப்பு விழும்போதே உங்க தட்டுலயும் விழணும். எடை மெஷின்ல அவர் இறங்கினதும் நீங்க ஏறி, அதே காலண்டர்ல பக்கத்துல எழுதுங்க.

காசுக்கு: மத்திய அரசோட நிக்ஷய் போஷண் திட்டத்துல டிபி நோயாளிக்கு மாசம் 1,000 ரூபாய் பேங்க்ல வரும், 2018ல 500ன்னு ஆரம்பிச்சு 2024 நவம்பர்ல ஆயிரமாக்கினாங்க. நிறைய பேருக்கு அக்கவுண்ட் நம்பர் தப்பா ஏறினதாலயோ ஆதார் சேராததாலயோ வராம நிக்குது, அதனால பாஸ்புக்கும் ஆதாரும் எடுத்துட்டுப் போயி உங்க வீட்டுக்காரர் பேர்ல அக்கவுண்ட் ஏறியிருக்கான்னு ஹெல்த் விசிட்டரையே கம்ப்யூட்டர்ல திறந்து காட்டச் சொல்லுங்க. நிக்ஷய் மித்ரான்னு தத்தெடுத்து மளிகை மூட்டை குடுக்கிறவங்க உங்க பக்கம் இருக்காங்களான்னும் அப்பவே கேளுங்க, குடும்பத்துக்கும் சேர்த்து குடுக்கலாம்னு 2024லயே அறிவிச்சிருக்காங்க, கேட்கிறதுல கூச்சப்பட எதுவும் இல்ல.